நிவாரணத்தை இழப்பீடு என்று எழுதாதீர்கள்

வெள்ளம் வடிவதற்குள் "பயிர் இழப்பீடு அறிவிப்பு" என்று செய்தி வந்துவிடுகிறது. உள்ளே படித்தால் அது இழப்பீடே இல்லை, பேரிடர் நிதியிலிருந்து தரும் நிவாரணம். ஒவ்வொரு மழைக்காலத்திலும் இதே தவறு.

நிவாரணம் வடசொல். தடுத்தல், விலக்குதல் என்று பொருள். வலி நிவாரணி என்பதில் அந்தப் பொருள் அப்படியே இருக்கிறது. துன்பத்தை விலக்கத் தரும் உதவி என்று தமிழில் நிலைத்துவிட்டது. சரி, அதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் வடசொல்லை விலக்குகிறேன் என்று இழப்பீட்டைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைப்பதை ஏற்க முடியாது.

இழப்பு, ஈடு இரண்டும் சேர்ந்தது இழப்பீடு. ஈடு என்றால் சமம். இழந்ததற்குச் சமமானதைத் தருவதுதான் இழப்பீடு. கேட்டுப் பெறும் உரிமையும் அதில் அடக்கம். சாலை போட நிலத்தை எடுத்தால் அரசு தர வேண்டியது இழப்பீடு. 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் அதைச் சந்தை மதிப்பிலிருந்து கணக்கிடச் சொல்கிறது. பயிர்க் காப்பீட்டில் வருவதும் இழப்பீடுதான். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உணவுப் பயிருக்கு, காப்பீட்டுத் தொகையில் காரிப் எனும் மழைக்காலப் பருவத்தில் 2 சதவீதம், ராபி எனும் குளிர்காலப் பருவத்தில் 1.5 சதவீதம் என்று விவசாயி பிரீமியம் கட்டியிருக்கிறார்.

பேரிடர் நிதித் தொகை அப்படிப்பட்டதா? 2022 முதல் 2026 வரைக்கான மத்திய அரசு விதிமுறைப்படி, 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமானால் பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500. அதுவும் 2 ஹெக்டேர் வரைதான். பாசன நிலத்துக்கே ஏக்கருக்கு ஏழாயிரம் தேறாது. சில சமயம் மாநில அரசு கூட்டித் தரும். அப்போதும் அழிந்த விளைச்சலின் மதிப்பு இந்தக் கணக்கில் வருவதில்லை. விதிமுறையே இதை இடுபொருள் மானியம் என்றுதான் சொல்கிறது. அடுத்த விதைக்கும் உரத்துக்கும் ஒரு கைகொடுப்பு, அவ்வளவே.

இதை இழப்பீடு என்று எழுதினால், "அதான் இழப்பீடு கொடுத்தாச்சே, இன்னும் என்ன?" என்று படிப்பவர் நினைப்பார். காப்பீடு செய்த விவசாயிக்கோ கணக்கில் விழுந்தது நிவாரணமா, காப்பீட்டில் வந்த இழப்பீடா என்பதே புரியாது.

பொதுக் கணக்கும் இதனால் குழம்புகிறது. மானியத் திட்டங்களுக்கு ஒதுக்கிய தொகை, பெற்றவர்களின் விவரம் ஆகியவற்றை அரசு அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. பட்டியலை வெளியிட்டாலும், தலைப்பில் இழப்பீடு என்று இருந்தால் எந்த நிதியிலிருந்து போன பணம் என்று யார் சரிபார்ப்பது?

தமிழில் இடருதவி என்று எழுதலாம். பேரிடர் என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் கேட்டதும் புரியும். துயர்நீக்கம் என்றும் சொல்லலாம்தான். ஆனால் இந்தத் தொகை துயரை நீக்குவதில்லை. இடருதவி பிடிக்காதவர்கள் நிவாரணம் என்றே எழுதட்டும், பொருளாவது கெடாது.

அப்புறம், 'பயனாளி'. அறிக்கைகளை மொழிபெயர்ப்பவர்கள் அரசுப் பணம் யாருக்குப் போனாலும் இந்தச் சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். பயிரைப் பறிகொடுத்தவர் எந்தப் பயனை அடைந்தார்? பட்டியலில் பெறுநர் என்று போடுங்கள். பக்கத்திலேயே எந்த நிதி, எத்தனை ஹெக்டேர், நிலம் சொந்தமா குத்தகையா என்பதையும் எழுதுங்கள்.