சவுண்ட்பாரின் குட்டு எங்கே உடைகிறது?

இரண்டு சவுண்ட்பார்களை (டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஸ்பீக்கர் பெட்டிகள்) அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால், எது நன்றாக இருப்பதாகத் தோன்றும்? பெரும்பாலும் சத்தம் கொஞ்சம் தூக்கலாக இருப்பதுதான். ஒலி குறையும்போது நம் காது எல்லா அதிர்வெண்களையும் சமமாக இழப்பதில்லை. பேஸ், அதாவது கனத்த அடிச்சுர ஒலிதான், முதலில் காணாமல் போகும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே ஒப்பிடுவதற்கு முன் இரண்டிலும் ஒரே பிங்க் நாய்ஸை (எல்லா அதிர்வெண்களும் கலந்த, சோதனைக்கான இரைச்சல்) ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் சம அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கைபேசியின் டெசிபல் செயலியே இதற்குத் தாராளம். பெட்டியில் அச்சடித்த வாட் கணக்கை நம்பிப் பயனில்லை: வாட் இரட்டிப்பானால் கூடுவது வெறும் 3 டெசிபல். இருமடங்கு சத்தமாகத் தோன்றவே சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும்.

சரி, பேஸுக்கு வருவோம். அதிர்வெண் பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறையும், அதே சத்தத்துக்கு ஸ்பீக்கர் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் ஸ்பீக்கர் கூம்புகளால் இது ஆகாத காரியம். அதனால் தயாரிப்பாளர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். 40 ஹெர்ட்ஸுக்குப் பதில் அதன் மடங்குகளான 80, 120, 160 ஹெர்ட்ஸை ஒலிக்கவிட்டால், விட்டுப்போன 40-ஐ மூளையே இட்டு நிரப்பிக்கொள்ளும். பாட்டில் இது எடுபடும்; வெடிச்சத்தத்தில் வயிற்றில் விழும் அந்த இடி மட்டும் வராது. கண்டுபிடிப்பது சுலபம். 200 ஹெர்ட்ஸிலிருந்து 30 வரை மெல்ல இறங்கும் ஒற்றைச் சுரத்தை ஓடவிடுங்கள். சுருதி இறங்கிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் கனம் இழந்து மெலிந்த ரீங்காரமாகும். அல்லது பெட்டி கடகடக்கும். சவுண்ட்பாரின் நிஜமான அடிமட்டம் அதுதான்.

பேஸுக்கென்றே தனி ஸ்பீக்கரான சப்வூஃபர் இருந்தால் ஆண்குரல் செய்தி வாசிப்பைப் போட்டுப் பாருங்கள். ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண் சுமார் 85 முதல் 155 ஹெர்ட்ஸ். பார் மிகச் சிறியதாக இருந்தால் 150 ஹெர்ட்ஸ் வரையிலான வேலையெல்லாம் சப்வூஃபர் தலையில் விழும். வாசிப்பவர் திரையில் இருக்க, அவர் தொண்டை மட்டும் அறை மூலையிலிருந்து பேசும்! 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் ஒலி வரும் திசை நமக்கு அவ்வளவாகப் பிடிபடாது.

பேஸ் மோசம் என்று தீர்ப்பெழுதும் முன் அறையையும் சந்தேகிக்க வேண்டும். 4 மீட்டர் நீள அறையில் சுமார் 43 ஹெர்ட்ஸ் ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே பட்டுத் திரும்பி, நகராமல் நின்று அதிரும் நிலையலையாகிவிடும். சுவரோரம் அது குமுறும், நடுவில் ஆளையே காணோம். நாற்காலியை ஒரு மீட்டர் நகர்த்தினால் வேறு சிஸ்டம் மாதிரி இருக்கும்.

அப்புறம் அகலம். 1 மீட்டர் பாரை 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்டால், அதன் இரு முனைகளும் காதுக்கு 19 டிகிரிதான் விரிகின்றன. ஸ்டீரியோவுக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது 60. குறையைச் சமாளிக்க, ஒலியைப் பக்கச் சுவர்களில் பட்டுத் திரும்பவைப்பார்கள், அல்லது இடது ஒலி வலது காதில் விழாதபடி எதிரலை அனுப்புவார்கள். இரண்டாவது வித்தை நடு இருக்கையில் பிரமாதம். ஓரடி நகர்ந்தால் சுருங்கிப் போகும். குடும்பமாகப் பார்ப்பவர்கள் ஓர இருக்கையிலிருந்தும் கேட்டுப் பார்ப்பது நல்லது. ஒலியைக் கூரையில் பட்டுத் தெறிக்கவைத்து மேலிருந்து வருவதுபோல் காட்டும், மேல்நோக்கிய அட்மாஸ் ஸ்பீக்கருக்குச் சமதளமான, அதிக உயரமில்லாத கூரை வேண்டும். சாய்வுக் கூரையின் கீழ் அதற்குக் கொடுக்கும் பணம் வீண்.

கடைசியாக ஒலியைப் படிப்படியாக ஏற்றுங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் குரல் மட்டும் ஏறும், பேஸ் ஏறாது. கூம்பைக் காப்பாற்ற உள்ளிருக்கும் லிமிட்டர் பேஸை இறுக்கிப் பிடிப்பதால் வரும் வினை. நீங்கள் வழக்கமாகப் படம் பார்க்கும் சத்தத்துக்கு முன்பே அந்தக் கட்டம் வந்துவிட்டால், வேறு மாடலைப் பாருங்கள்.