விசில்புளோயர்: தமிழில் எப்படிச் சொல்வது?

தான் வேலை செய்யும் இடத்து முறைகேட்டை மறைக்காமல் வெளியே சொல்பவர் விசில்புளோயர். பொலிஸ்காரரும் விளையாட்டு மத்தியஸ்தரும் ஊதும் விசிலில் இருந்து வந்த பெயர். ஆங்கிலத்திலும் முன்பு அதில் கோள்சொல்லி வாடை இருந்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க நுகர்வோர் உரிமைச் செயற்பாட்டாளரான ரால்ப் நேடர்தான் அதற்கு நல்ல பொருளை ஏற்றினார்.

சரி, தமிழில்? நேரே பெயர்க்கப் போனால் 'ஊதுகுழல்' வந்து நிற்கும். மேலிடம் சொன்னதையே திருப்பிச் சொல்பவருக்கு நாம் வைத்த பெயர் அது. பொருள் தலைகீழாகிவிடும்.

மட்டக்களப்பில் வாய்க்கு முதலில் வருவது 'காட்டிக்கொடுக்கிறவன்'. போர்க்காலச் சுற்றிவளைப்புகளில் முகத்தை மூடிக்கொண்டு ஆளைக் காட்டிய 'தலையாட்டி'யைக் கண்ட தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது. அந்தத் தலையசைப்பில் போய்த் திரும்பாதவர்களும் உண்டு. நேர்மையான ஒருவரை அந்தப் பெயரால் அழைப்பது அநியாயம். ஆனால் சக உத்தியோகத்தர் அடித்ததை ஒரு பொலிஸ்காரர் வெளியே சொன்னால், நிலையத்துக்குள் அவருக்குக் கிடைப்பதும் இதே பட்டம்தான். லொக்கப்புக்குள் அடி விழுந்தால் அதைப் பார்த்தவர் பெரும்பாலும் இன்னொரு பொலிஸ்காரர். இலங்கையின் 1994ஆம் ஆண்டு 22ஆம் இலக்கச் சட்டம் சித்திரவதைக்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை என்கிறது. கண்டவர் வாய் திறக்காவிட்டால் அந்த 7 ஆண்டு ஏட்டில்தான் கிடக்கும். திறந்தால் தூர இடத்துக்கு மாற்றம் வரும், பதவி உயர்வு தள்ளிப்போகும் என்ற பயம். விசுவாசம் அங்கே சட்டத்துக்கு இல்லை, பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு.

எங்கள் பக்கத்துப் பழைய வழி மொட்டைப் பெட்டிசம், அதாவது பெயர் போடாமல் எழுதி அனுப்பும் முறைப்பாடு. எழுதியவர் தப்பிக்கொள்வார், ஆனால் பொறாமையில் எழுதினதும் அதற்குள் கலந்து வருவதால் நம்புவார் குறைவு.

'இடித்துரைப்பவர்' என்று எழுதலாமா? 'இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்' என்கிறது குறள். அழகான சொல்தான், ஆனால் அது அரசனின் முகத்துக்கு நேரே சொல்பவரைக் குறிக்கிறது. விசில்புளோயரோ மேலதிகாரியைத் தாண்டி வெளியே போகிறவர். அதனால் எழுத்தில் 'முறைகேடு வெளிப்படுத்துநர்' என்பதே என் தேர்வு. நீளம்தான், பொருள் பிசகாது. இலஞ்சம், ஊழலை வெளியே சொல்பவருக்கு 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் பாதுகாப்பும் உண்டு. லொக்கப் அடியைப் பற்றி வாக்குமூலம் கொடுக்கும் கொன்ஸ்டபிளுக்குப் புதுச்சொல் தேடத் தேவையில்லை. அதே ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் பாதுகாக்கும் 'சாட்சி' அவர்.