பொடிக் கெண்டையின் இனத்தைக் கண்டறிவது எப்படி?

வைகைப் பாசனக் கண்மாய்கள் நிரம்பும்போது மடையோரங்களில் பிடிபடும் விரல் நீளப் பொடிக் கெண்டைகளை மதுரைப் பக்கத்தில் பலர் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பதுண்டு. அவற்றின் இனத்தை அறிய விரும்புவோர் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் நிறத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வரக் கூடாது. மிரண்ட மீன் சற்று நேரத்தில் வெளுத்துவிடும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனின் நிறம் கூடும். டாக்கின்சியா ஃபிலமென்டோசா என்னும் தென்னிந்தியக் கெண்டையின் குஞ்சுக்கு உடலில் மூன்று கரும்பட்டைகள் உண்டு. வளர்ந்த பின் அவை மறைந்து, வாலடியில் ஒரு கரும்புள்ளி மட்டுமே எஞ்சும். குஞ்சையும் தாயையும் அருகருகே வைத்தாலும் ஒரே இனம் என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

ஆகவே நிறத்தைக் காட்டிலும் உறுப்புகளின் அமைப்பை நம்ப வேண்டும். மீன் திரும்ப இடமில்லாத ஒடுங்கிய கண்ணாடிப் பெட்டியில் அதை நிறுத்தி, பக்கவாட்டில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். முதுகுத் துடுப்பின் முன்பகுதியில், துடுப்பைத் தாங்கும் குச்சி போன்ற கதிர்களில் கிளை பிரியாதவற்றுள் கடைசிக் கதிரின் பின்விளிம்பில் ரம்பப் பற்கள் இருந்தால் அது பெத்தியா என்னும் பேரினமாக (நெருங்கிய இனங்களின் தொகுதியாக) இருக்கலாம். வழவழப்பாக இருந்தால் புன்டியஸையோ டாக்கின்சியாவையோ எண்ணிப் பார்க்கலாம். இவை அனைத்தும் நெடுங்காலம் புன்டியஸ் என்ற ஒரே பேரினத்தில் அடங்கியிருந்தன. இலங்கை ஆய்வாளர் ரோகன் பெத்தியகொடவும் உடன் ஆய்வாளர்களும் எலும்பமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு 2012இல் அவற்றைப் பிரித்தனர். பழைய நூல்களில் பெயர் வேறாக இருப்பதன் காரணம் இதுவே.

அடுத்து, செவுளுக்குப் பின்னிருந்து வாலை நோக்கிச் செல்லும் பக்கக் கோட்டைத் தொடர்ந்து, துளையுள்ள செதில்களை எண்ண வேண்டும். ஃபிலமென்டோசாவில் அக்கோடு வாலடி வரை செல்லும். பெத்தியா டிக்டோவில் பொதுவாகச் சில செதில்களிலேயே நின்றுவிடும். வாயோரத்து மீசை இழைகளையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பிறகும் ஐயம் எஞ்சினால் ஆய்வகத்தில் துடுப்பின் சிறு துணுக்கிலிருந்து சிஓஐ (COI) என்னும், இனங்காணப் பயன்படும் மரபணுவில் ஏறத்தாழ 650 டிஎன்ஏ கார இணைகள் நீளமுள்ள பகுதியைப் படித்து ஒப்பிடலாம். சரியாக இனங்காணப்பட்ட மீனின் பதிவு முன்பே இருந்தால்தான் அது பயன்தரும்.

பிடித்த இடமும் முக்கியச் சான்றாகும். ஆனால் வைகைப் படுகையில் அதையும் கவனத்துடன் கையாள வேண்டும். மேற்கே பாயும் பெரியாற்றின் நீர் 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இங்கு வருவதால், அந்நீரோடு மீன்களும் வந்திருக்கக்கூடும். எனவே கண்மாயின் பெயரோடு, அதற்கு நீர் எந்த வாய்க்காலிலிருந்து வருகிறது என்பதையும் எழுதி வைப்பது நல்லது. கடையில் வாங்கிய மீனுக்கு இந்தச் சான்று பெரும்பாலும் கிடைப்பதில்லை. அங்கு கதிரையும் செதிலையும் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.