படகுச் சவாரியும் எலிசாவும்

“என் காதலர்தான் என்னை இங்கே வரவைத்தார்” என்று ஒரு பெண் தட்டச்சு செய்கிறாள். “உங்கள் காதலர்தான் உங்களை இங்கே வரவைத்தாரா” என்று கணினி திருப்பிக் கேட்கிறது. 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலிசா என்ற கணினி நிரலின் உரையாடல் இது.

எலிசாவுக்குக் காதலர் என்றால் யாரென்று தெரியாது. நாம் எழுதும் வாக்கியத்தில் சில குறிச்சொற்களைத் தேடும், அவ்வளவுதான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. எது பெரியதோ அதற்கான விதி ஓடும். ‘அம்மா’ வந்தால், “உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்.” ‘என்’ வந்தால் ‘உங்கள்’ என்று மாற்றித் திருப்பி அனுப்பும். (ஆங்கிலத்தில் இது சுலபம். தமிழில் ‘களைத்துவிட்டேன்’ என்பதை ‘களைத்துவிட்டீர்கள்’ ஆக்க, வினையின் வாலையும் பிடித்துத் திருக வேண்டும்.)

சரி, குறிச்சொல் எதுவுமே சிக்காவிட்டால்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ‘என்’ என்று தொடங்கி நாம் முன்பு சொன்ன எதையாவது அது எடுத்து வைத்திருக்கும். “இதற்கும் உங்கள் காதலர் உங்களை வரவைத்ததற்கும் சம்பந்தம் உண்டா?” என்று கேட்டுவிடும். எழுதியவருக்கோ, இவ்வளவு நேரம் கவனமாகக் கேட்டிருக்கிறதே என்று தோன்றும்.

எலிசாவுக்கு உளநல மருத்துவர் வேடம் கொடுத்ததில்தான் வைசன்பாமின் கெட்டிக்காரத்தனம். “நீண்ட படகுச் சவாரி போனேன்” என்கிறோம். “படகுகளைப் பற்றிச் சொல்லுங்கள்” என்கிறார் மருத்துவர். இவருக்குப் படகே தெரியாதோ என்று நாம் நினைப்பதில்லை. ஏதோ காரணத்தோடுதான் கேட்கிறார் என்று நாமே எண்ணிக்கொள்கிறோம். அந்தக் காரணத்தை நிரலில் யாரும் எழுதவில்லை. அது நம் தலைக்குள் உருவாகிறது. சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் இன்றைய மொழி மாதிரிகள் எலிசாவைப் போன்றவை அல்ல. கோடிக்கணக்கான வாக்கியங்களிலிருந்து அடுத்த சொல்லைக் கணிக்கப் பழகியவை. ஆனால் கேட்கும் நாம் அதே ஆட்கள்தான். பேச்சில் பாதிப் பொருளை இன்றும் நாம்தான் ஊற்றி நிரப்புகிறோம்.

வைசன்பாமின் செயலாளர், அவர் அந்த நிரலை எழுதுவதை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்தவர். உள்ளே யாரும் இல்லை என்று நன்றாகத் தெரிந்தவர். ஒருநாள் எலிசாவோடு பேசத் தொடங்கினார். நாலைந்து வரி போனதும் வைசன்பாமைத் திரும்பிப் பார்த்து, கொஞ்சம் வெளியே இருக்க முடியுமா என்று கேட்டார்.