தெரிந்த ஆங்கிலம் ஏன் வாயில் வருவதில்லை?

ஆங்கில நாளிதழைத் தடங்கல் இல்லாமல் படிப்பார். பிழையில்லாமல் மின்னஞ்சல் எழுதுவார். ஆன்லைன் கூட்டத்தில் யாராவது திடீரென்று "வாட் டூ யூ திங்க்?" என்று கேட்டால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கூட்டம் முடிந்து மடிக்கணினியை மூடிய பிறகு, சொல்லியிருக்க வேண்டிய பதில் இலக்கணச் சுத்தமாக வந்து நிற்கும். இப்படித் தவிப்பவரிடம் "கூச்சத்தை விடுங்கள், தானாக வரும்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் அறிவுரை. கூச்சத்துக்கும் பங்கு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெரிய பங்கு கடிகாரத்துக்கு.

2009இல் டான்யா ஸ்டிவர்ஸ் தலைமையிலான ஆய்வுக் குழு 10 மொழிகளின் இயல்பான உரையாடல்களை எடுத்துக்கொண்டு, ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் அடுத்தவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடையே எவ்வளவு நேரம் போகிறது என்று அளந்தது. மொழிக்கு மொழி கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும், சராசரி ஏறத்தாழ 200 மில்லிசெகண்ட். இதன் பக்கத்தில் இன்னோர் எண்ணை வைத்துப் பாருங்கள். ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைக் கேட்டால், தாய்மொழியிலேயே பதில் தொடங்க 600 மில்லிசெகண்ட் அளவுக்கு ஆகிறது. ஒற்றைச் சொல்லுக்கே 600 என்றால், 200இல் முழுப் பதில் எப்படி வருகிறது? எதிரே இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே நாம் பதிலைக் கட்டத் தொடங்கிவிடுகிறோம். காது அவர் பேச்சில் இருக்க, பாதி மூளை நம் பதிலில் இருக்கிறது. தாய்மொழியில் இந்த இரட்டை வேலை நடப்பதே நமக்குத் தெரிவதில்லை. பழகாத மொழியில் கேட்டுப் புரிந்துகொள்வதற்கே முழுக் கவனமும் செலவாகிவிடுகிறது. அவர் முடித்த பிறகுதான் நம் வேலை ஆரம்பம். அதற்குள் வேறொருவர் பதில் சொல்லியிருப்பார்.

பேச்சு உருவாகும் விதத்தை நெதர்லாந்தின் உளமொழியியல் அறிஞர் வில்லெம் லெவெல்ட் 1989இல் மூன்று கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். எதைச் சொல்வது என்று முடிவு செய்வது முதல் கட்டம். அதற்கான சொற்களை எடுத்து வாக்கியமாக அடுக்கி ஒலி வடிவம் கொடுப்பது இரண்டாவது. நாக்கையும் உதட்டையும் அசைத்து வெளியே விடுவது மூன்றாவது. விநாடிக்கு இரண்டு மூன்று சொற்கள் என்ற வேகத்தில் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். தாய்மொழியில் முதல் கட்டத்துக்கு மட்டும்தான் யோசனை வேண்டும். மற்ற இரண்டும் கேட்காமலே நடக்கும்.

தமிழரின் வாய் ஆங்கிலத்தில் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இரண்டாம் கட்டத்தில். "அவர் நேற்றே கிளம்பிப் போய்விட்டதாகச் சொன்னார்கள்" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் வினை கடைசியில் வரும். ஆளில் தொடங்கி, நேற்றைத் தொட்டு, கிளம்பியதைச் சொல்லி, இது நான் பார்த்ததா கேள்விப்பட்டதா என்பதைக் கடைசிச் சொல்லில் தீர்த்துக்கொள்ளலாம். பேசிக்கொண்டே யோசிக்க நிறைய இடம். ஆங்கிலத்தில் "தே செட்" என்று அதே விஷயத்தை முதலிலேயே போட்டுவிட்டுத்தான் நகர முடியும். அடுத்து ஆள், உடனே வினை, அதுவும் சரியான காலத்தில். "நேற்று" கடைசிக்குப் போய்விடுகிறது. அதாவது வாக்கியத்தின் முடிவு தெரியாமல் தொடக்கத்தைச் சொல்ல முடியாது. எழுதும்போது இது ஒரு பொருட்டே இல்லை. அழித்து முன்பின்னாக மாற்றிக்கொள்ளலாம். பேச்சில் அழிப்பான் கிடையாது.

விதி தெரிந்தவருக்கும் இது ஏன் தானாக வருவதில்லை என்பதற்கு, மொழியோடு சம்பந்தமே இல்லாத ஒரு நோயாளியிடமிருந்து துப்புக் கிடைத்தது. ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கருக்கு 1953இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு புதிதாக நடக்கும் எதையும் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்: தன் கையை நேரே பார்க்காமல், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, ஒரு நட்சத்திரத்தின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே வரைய வேண்டும். மூன்று நாள் பயிற்சியில் மொலேசனின் கை தேறிவிட்டது. ஆனால் இதற்கு முன் அதைச் செய்த ஞாபகம் அவருக்குத் துளியும் இல்லை. ஒன்றைத் தெரிந்துவைத்திருப்பதும் செய்யப் பழகியிருப்பதும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள் என்பது அங்கிருந்துதான் தெளிவாகத் தொடங்கியது. "நிகழ்கால முற்று (ப்ரெசென்ட் பெர்ஃபெக்ட்) என்றால் என்ன" என்று விளக்கத் தெரிவது முதல் வகை. பேச்சு வேகத்தில் அதைப் போட்டுப் பேசுவது இரண்டாம் வகை. முதலாவது ஒரே தடவை கேட்டாலும் வந்துவிடும். இரண்டாவதற்குத் திரும்பத் திரும்பச் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

ஆன்லைன் வகுப்புகளை எடைபோட இந்த ஒரு கோடு போதும். 'இந்த 50 வாக்கியங்களைக் கற்றால் சரளம்' என்கிற வகைக் காணொளிகள் முழுக்க முதல் வகை நினைவுக்குத் தீனி. பார்க்கும்போது எல்லாம் புரியும். புரிவதால் முன்னேறுகிறோம் என்ற நிறைவும் வரும். ஒரு மணி நேரப் பாடத்தில் உங்கள் வாய் எத்தனை நிமிடம் அசைந்தது என்று கணக்குப் பார்த்தால் அந்த நிறைவு சற்றுக் கலையும். நாற்பது பேர் இருக்கும் நேரலை வகுப்பும் கிட்டத்தட்ட இப்படித்தான். மைக்கை அணைத்துவைத்து நன்றாகக் கவனிக்கும் மாணவரைவிட, உளறிக்கொட்டும் மாணவருக்கே லாபம் அதிகம்.

அதற்காகக் கேட்பது வீண் என்று சொல்ல வரவில்லை. காதுக்குப் பயிற்சி தருவதில் இணையத்துக்கு ஈடு கிடையாது. ஆங்கிலத்தில் மேற்கு என்ற பொருளில் வரும் சொல்லுக்கும் உள்ளாடையைக் குறிக்கும் சொல்லுக்கும் முதல் ஒலி வேறு. ஒன்றில் உதடு குவியும்; மற்றதில் மேல் பல் கீழுதட்டைத் தொடும். தமிழில் இரண்டையும் 'வெஸ்ட்' என்றுதான் எழுத முடியும். நம்மில் பலருக்குக் காதிலும் அவை ஒன்றாகவே விழுகின்றன. ஜப்பானியருக்கு இதே சிக்கல் ர, ல ஒலிகளில். 1990களில் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் டேவிட் பிசோனியும் சக ஆய்வாளர்களும் ஜப்பானியருக்கு அந்த ஒலிகளைப் பிரித்தறியும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே ஒருவரின் குரலில் பழகியவர்கள் அந்தக் குரலில் தேறினார்கள். புதுக்குரல் வந்ததும் தடுமாறினார்கள். பலருடைய குரல்களில் பழகியவர்களுக்கோ புதுக்குரலும் பிடிபட்டது. ஆன் பிராட்லோவும் குழுவினரும் 1997இல் வெளியிட்ட முடிவு இன்னும் சுவையானது: காதுக்கு மட்டுமே பயிற்சி பெற்றவர்களின் உச்சரிப்பும் சேர்ந்தே மேம்பட்டிருந்தது. பிடித்த ஓர் ஆசிரியரையே வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவருடைய ஆங்கிலம் மட்டும் புரிகிறது என்றால், நாம் பழகியிருப்பது அவரை, ஆங்கிலத்தை அல்ல.

காதுக்கு இன்னொரு தலைவலி, ஏட்டில் இருக்கும் சொற்கள் பேச்சில் அப்படியே இருப்பதில்லை என்பது. "வாட் ஆர் யூ கோயிங் டு டூ" என்று ஆறு ஏழு துண்டுகளாகக் காத்திருப்போம். வருவது "வாட்யகனடூ". அழுத்தம் விழும் அசைகள் மட்டும் தலைநிமிர்ந்து நிற்க, நடுவில் இருப்பவை நசுங்கி, 'அ'வுக்கும் 'எ'வுக்கும் இடைப்பட்ட ஒரு மங்கலான உயிரொலியாகிவிடும். ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் உயிரொலியே அந்த மங்கல் ஒலிதான். அதற்கென்று ஓர் எழுத்துகூடக் கிடையாது. ஒவ்வோர் அசையையும் தெளிவாகச் சொல்லிப் பழகிய வாய்க்கு அந்த நசுக்கல் சோம்பேறித்தனமாகத் தோன்றும். அதை உச்சரிக்கப் பழகுகிறோமோ இல்லையோ, கேட்கப் பழகியே ஆக வேண்டும்.

இங்கே வசன வரிகள் கைகொடுக்கும், எந்த மொழியில் என்பதைப் பொறுத்து. ஹோல்கர் மிட்டரரும் ஜேம்ஸ் மெக்வீனும் 2009இல் டச்சுக்காரர்களுக்குப் பழகாத ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய ஆங்கிலப் பேச்சுக் காட்சிகளைக் காட்டினார்கள். ஆங்கில வசன வரிகளோடு பார்த்தவர்களுக்கு அந்தப் பேச்சு பிடிபடத் தொடங்கியது. டச்சு வரிகளோடு பார்த்தவர்களுக்குக் கேட்டறியாத புதுப் பேச்சுத் துண்டுகள் வந்தபோது அந்த வரிகள் இடைஞ்சலாகவே இருந்தன. தாய்மொழி வரி ஓடும்போது கதை கண் வழியே உள்ளே போய்விடுகிறது. காது ஒலியை எதனோடும் பொருத்திப் பார்ப்பதில்லை.

சரி, வாய்க்கு வருவோம். உச்சரிப்புக்கு மதிப்பெண் போடும் செயலிகள் இப்போது நிறைய. இவற்றை எவ்வளவு நம்பலாம்? பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள், வந்த ஒலியை மட்டும் பார்ப்பதில்லை. அந்த இடத்தில் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்றும் ஊகிக்கிறது. நீங்கள் "ஐ டிங்க் இட்ஸ் ரைட்" என்றாலும் திரையில் "திங்க்" என்று சரியாகவே வந்து நிற்கும். திரையில் சரியாக வந்துவிட்டது என்பதால் உச்சரிப்பு சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உச்சரிப்புக்கென்றே செய்த செயலிகள் வேறு வழியில் போகின்றன. நீங்கள் சொல்ல வேண்டிய வாக்கியம் அவற்றுக்கு முன்பே தெரியும். ஒலிப்பதிவைத் துண்டு துண்டாக அந்த வாக்கியத்தின் ஒலிகளோடு பொருத்தி, ஒவ்வொரு துண்டும் எதிர்பார்த்த ஒலிக்கு எவ்வளவு நெருக்கம் என்று கணக்கிடுகின்றன. தனி ஒலிகளுக்கு இது உபயோகம். ஆனால் எழுதிக் கொடுத்ததைப் படிக்கும்போது லெவெல்டின் முதல் இரண்டு கட்டங்களில் பெரிதாக வேலை இல்லை. 95 மதிப்பெண் வாங்குபவர் சொந்தமாக ஒரு வாக்கியம் பேசத் திணறுவதில் வியப்பில்லை.

அந்த இரண்டு கட்டங்களுக்குப் பயிற்சி தரும் எளிய முறை ஒன்று உண்டு. 4/3/2 என்று பெயர். கீத் மாரிஸ் 1983இல் எழுதியது. பிறகு பால் நேஷன் அதைப் பரப்பினார். ஏதாவது ஒரு விஷயத்தைப் பற்றி ஒருவரிடம் நான்கு நிமிடம் பேசுங்கள். அதே விஷயத்தை வேறொருவரிடம் மூன்று நிமிடத்தில். மூன்றாமவரிடம் இரண்டே நிமிடத்தில். என்ன சொல்வது என்பது முதல் சுற்றிலேயே தீர்ந்துவிடுவதால், அடுத்த சுற்றுகளில் கவனம் முழுக்க எப்படிச் சொல்வது என்பதில் விழுகிறது. நேரம் குறையக் குறைய, சொல் சொல்லாகக் கட்டாமல் துண்டு துண்டாக எடுத்துப் போட வேண்டியிருக்கிறது. 2011இல் நெல் டி யோங்கும் சார்லஸ் பெர்ஃபெட்டியும் இதைச் சோதித்தார்கள். ஒரே விஷயத்தைத் திரும்பச் சொன்னவர்களின் சரளம், பிறகு வந்த புது விஷயங்களிலும் தொடர்ந்தது. ஒவ்வொரு முறையும் புது விஷயம் பேசியவர்களுக்கு அப்படி நிலைக்கவில்லை. இணையத்தில் இதற்கு மூன்று ஆள்கூடத் தேவையில்லை. கைப்பேசியில் பதிவு செய்துகொண்டாலே போதும். தனியாகப் பேசுவது முதலில் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கும்.

பதிவுக்கு இன்னொரு லாபம். பேசும்போது வாக்கியம் கட்டுவதிலேயே மும்முரமாக இருப்பதால் நம் பிழை நம் காதில் விழுவதில்லை. போட்டுக் கேட்டால் விழும்.

ஆள் எதிரே வேண்டும் என்றால் வீடியோ அழைப்பு. பழைய தொலைபேசி ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தியது. 'எஸ்', 'எஃப்' ஒலிகளைப் பிரித்துக் காட்டும் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால், பெயரைச் சொல்லும்போது ஒவ்வோர் எழுத்தாக விளக்க வேண்டியிருந்தது. இன்றைய இணைய அழைப்புகளில் அந்தக் குறை பெரிதும் நீங்கிவிட்டது. புதுக் குறை தாமதம். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் குரல் போய்ச் சேர 150 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகக் கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. இணைப்பு மந்தமானால் இது எளிதில் தாண்டிப்போகும். 200 மில்லிசெகண்டில் முறை மாறும் உரையாடலில் அது பெரிய இடைவெளி. இருவரும் ஒரே நேரத்தில் தொடங்குவதும், "ஸாரி, யூ கோ அஹெட்" என்று ஒரே நேரத்தில் நிறுத்துவதும் இதனால்தான். கற்பவர் பழியைத் தன் ஆங்கிலத்தின் மேல் போட்டுக்கொள்கிறார்.

உரையாடும் ஆசிரியரிடம் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: திருத்தத்தை வெளிப்படையாகச் சொல்லச் சொல்லுங்கள். "ஹி கோ எஸ்டர்டே" என்று நீங்கள் சொன்னால், நல்ல மனதுள்ள ஆசிரியர் "ஓ, ஹி வென்ட் எஸ்டர்டே?" என்று சரியான வடிவில் திருப்பிச் சொல்லி அப்படியே பேச்சைத் தொடர்வார். ராய் லிஸ்டரும் லீலா ரான்டாவும் 1997இல் கனடாவின் பிரெஞ்சு வழி வகுப்புகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்களின் திருத்தங்களில் பாதிக்கு மேல் இந்த வகையாக இருந்தது. மாணவர்களிடம் மிகக் குறைவாக எதிர்வினை பெற்றதும் இதே வகைதான். மாணவர் அதைத் திருத்தமாகவே எடுத்துக்கொள்வதில்லை. தான் சொன்னதை ஆமோதிக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறார்.

குரலில் பேசும் செயற்கை நுண்ணறிவு உரையாடலிகளிடம் அலுப்பு கிடையாது, கேலி கிடையாது; நள்ளிரவிலும் பேசலாம். பதற்றம் கவனத்தின் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பதால், கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அரைகுறையாகச் சொன்னாலும் புரிந்துகொண்டுவிடும். கேட்டால் ஒழியத் திருத்தாது. இன்னொரு தொல்லையும் உண்டு. நீங்கள் பேசி முடித்துவிட்டீர்களா என்பதை இவற்றில் பல, எவ்வளவு நேரம் மௌனம் என்பதை வைத்தே கணிக்கின்றன. சொல்லைத் தேடி நீங்கள் ஒரு விநாடி நின்றால், முடித்துவிட்டதாக எண்ணி இடையில் புகுந்துவிடும். மனிதர்களும் ஓரளவு இதையேதான் செய்கிறார்கள். "வெல், லெட் மீ திங்க்", "த திங் இஸ்", "வாட் ஐ மீன் இஸ்" போன்ற துண்டுகள் அந்த மௌனத்தை நிரப்பி, பேசும் வாய்ப்பை உங்கள் கையிலேயே வைத்திருக்கும். ஆங்கிலம் தாய்மொழியானவர்களும் ஓயாமல் இவற்றைப் போட்டுத்தான் பேசுகிறார்கள். ஒரு பத்துத் துண்டுகளை யோசிக்காமல் வரும் அளவுக்குச் சொல்லிப் பழகிக்கொண்டால், ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு விநாடி வாங்கித் தரும். வினைச்சொல்லைத் தேடி எடுக்க அது தாராளம்.