டென்ட்டுக்கு வெளில சிங்கம் நிக்குதா, இல்ல எங்கயோ தூரத்துல கத்துதா?

தான்சானியாவோட செரெங்கெட்டில லட்சுரி டென்ட் கேம்ப்னா நாலு பக்கமும் கான்வாஸ் துணி, ஜிப் வச்ச வாசல், உள்ள பெரிய மரக்கட்டில், குளிக்க வெந்நீர்னு எல்லாம் இருக்கும், நிறைய கேம்ப்ல சுத்தி வேலி மட்டும் இருக்காது. இருட்டிடுச்சுன்னா சாப்பிட்டுட்டு நீங்க தனியா டென்ட்டுக்கு நடக்கக்கூடாது, அஸ்காரின்னு அங்க சொல்ற காவல்காரர் டார்ச்சோட கூட வருவார். படுக்கப்போனா போர்வைக்குள்ள கால்மாட்டுல சூடா ஒரு வெந்நீர் பை வேற வச்சிருப்பாங்க, ஆப்பிரிக்கால எதுக்குடா இதுன்னு தோணும். அப்புறம் நடுராத்திரில சிங்கம் கர்ஜிக்கும் பாருங்க, தலைமாட்டுல நிக்கிற மாதிரியே இருக்கும். அந்த வெந்நீர் பைக்கும் இந்த சத்தத்துக்கும் காரணம் ஒண்ணுதான்.

செரெங்கெட்டி சமவெளி பெரும்பாலும் 1500 மீட்டர் உயரத்துக்கு பக்கமா இருக்கு. மேகம் இல்லாத ராத்திரில தரை தன்னோட சூட்டை வானத்துக்கு விட்டுட்டு சட்டுன்னு குளிர்ந்துடும், அதை ஒட்டி இருக்கிற காத்தும் குளிரும், ஆனா கொஞ்சம் மேல போனா காத்து இன்னும் வெதுவெதுப்பா இருக்கும். பகல்ல இது அப்படியே தலைகீழ். இப்ப சத்தத்துக்கு வாங்க, 0 டிகிரி காத்துல அது செகண்டுக்கு 331 மீட்டர் போகும், 20 டிகிரில 343. அதனால ராத்திரில ஒலி அலையோட மேல்பகுதி வேகமாவும் கீழ்ப்பகுதி மெதுவாவும் ஓடி மொத்த அலையும் தரைப்பக்கம் வளைஞ்சிடும், மேல போய் வீணாக வேண்டிய சத்தம் திரும்ப உங்க காதுக்கே வரும். காத்தும் அடங்கியிருக்கும். நம்மூர்ல தூரத்து ரயில் சத்தம் ராத்திரி மட்டும் கேக்குதே, அதுக்கும் இதான் முக்கிய காரணம்.

சிங்கத்தோட தொண்டையும் லேசுப்பட்டது இல்ல. அதோட குரல் நாண்களுக்குள்ள கொழுப்பு இருக்கிறதால அதுங்க தட்டையா சதுரமா இருக்கு, கொஞ்சம் மூச்சழுத்தத்துலயே பெரிய சத்தம் எழுப்பிடும்னு 2011ல வந்த ஆய்வு சொல்லுது. ஒரு மீட்டர் தூரத்துல 114 டெசிபல், 8 கிலோமீட்டர் வரைக்கும் கேக்கும்னு சொல்றாங்க. அடித்தொண்டைச் சத்தம்ங்கிறதால காத்துல அவ்வளவா கரையாது, 100 ஹெர்ட்ஸ்னா, அதாவது செகண்டுக்கு 100 அதிர்வுன்னா, ஒரு அலையோட நீளமே மூணரை மீட்டர் கிட்ட, அதுக்கு முன்னாடி கான்வாஸ் துணியெல்லாம் இல்லாத மாதிரிதான். (ஆனா ஜிப்பை மட்டும் மூடிடுங்க.)

நாம பயப்படத்தான் செய்வோம், ஆனா சிங்கங்கள் எத்தனை குரல் கேக்குதுன்னு எண்ணிப் பாக்குதுங்க! விலங்குகளோட நடத்தையை ஆராயற கேரன் மெக்கோம்ப் குழு இதே செரெங்கெட்டில கர்ஜனையை ஸ்பீக்கர்ல போட்டுக் காமிச்சாங்க, 1994ல வெளியான ஆய்வு. ஒரு அந்நியப் பெண் சிங்கத்தோட குரல் கேட்டா துரத்தப் போற பெண் சிங்கங்கள், மூணு குரல் கேட்டப்போ ரொம்பவே தயங்குச்சுங்க.

யானை இன்னும் ஒரு படி மேல. நம்ம காது 20 ஹெர்ட்ஸுக்குக் கீழ கேக்காது, யானை அதுக்கும் கீழ பேசும், 1984ல அமெரிக்காவோட போர்ட்லாண்ட் மிருகக்காட்சிசாலைல விலங்கு ஒலி ஆய்வாளர் கேட்டி பெயின் இதைக் கண்டுபிடிச்சாங்க. சாயங்காலம் குளிர்காத்து படிஞ்சதும் அந்தப் பேச்சும் பகலைவிட ரொம்ப தூரம் போகும்.

விடியறதுக்கு முன்னாடியே காபியோட வந்து எழுப்புறாங்களேன்னு கடுப்பாகாதீங்க. ராத்திரி எந்தப் பக்கம் கர்ஜனை கேட்டுச்சுன்னு கைடு அஸ்காரிகிட்ட விசாரிச்சு வச்சிருப்பார், வெயில் ஏறி தரை சூடானா சத்தம் மேல்நோக்கி வளைஞ்சு போயிடும், சிங்கமும் எங்கயாவது நிழல்ல போய் படுத்துடும், அப்புறம் புல்லுக்குள்ள தேடிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.