வில்லைத் தள்ளும் கை

நன்றாகப் பழகிய ஒரு வில்லாளி நாணை முழுதாக இழுத்து நிற்கும்போது, வில் இருக்கும் கையைக் கவனியுங்கள். விரல்கள் தளர்ந்திருக்கும். சுட்டுவிரல் நுனி மட்டும் பிடியின் மேல் லேசாகப் படிந்திருக்கலாம். அப்படியும் வில் கீழே விழாது. நாண் வில்லை உள்ளங்கைக்குள் இழுத்துக்கொண்டே இருக்கிறது, கை அதை எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இறுக்கிப் பிடிக்க அங்கே வேலையே இல்லை.

'கைப்பிடி' என்று பெயர் வைத்துவிட்டதால் அதைச் சுத்தியல் பிடிபோல நினைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதன்முதலில் செய்த வில்லில் நான்கு விரல்களுக்கும் தனித்தனியாகப் பள்ளம் குடைந்தேன். கையில் எடுத்தால் அருமையாகப் பொருந்தியது. எய்தால் அம்பு ஒருமுறை இடப்பக்கம் போகும், அடுத்தமுறை வலப்பக்கம் போகும். பள்ளங்கள் விரல்களை இறுக்கச் சொல்கின்றன. இறுக்கம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருப்பதில்லை. இறுக்கம் மாறினால் வில் திரும்பும் அளவும் மாறும். மனிதக் கையின் பிடிகளை 1956இல் ஜான் நேப்பியர் என்ற உடற்கூறியலாளர் வலிமைப் பிடி, நுட்பப் பிடி என இரண்டாகப் பிரித்தார். சுத்தியலைப் பிடிப்பது முதல் வகை, ஊசியைப் பிடிப்பது இரண்டாவது. வில் பிடிப்பது இந்த இரண்டிலும் சரியாக அடங்காது என்பேன். கதவைத் தள்ளும் கைக்குத்தான் அது நெருக்கம்.

அப்படியென்றால் வசதியான பிடி எது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 பவுண்டு வில்லை முழுதாக இழுத்தால் கையில் விழும் விசை ஏறத்தாழ 18 கிலோ. பிடியின் உட்புறம் குறுகலான முனையாக இருந்து 4 சதுர செ.மீ. தோலில் மட்டும் பட்டால், ஒரு சதுர செ.மீ.க்கு 4.5 கிலோ. அதே பிடியை உருட்டி 12 சதுர செ.மீ.க்குப் பரப்பினால் 1.5 கிலோ. வலிக்கும் பிடிக்கும் வலிக்காத பிடிக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு இதுதான். ஆனால் அதிகம் பரப்பினாலும் தொல்லை உண்டு. உள்ளங்கை முழுவதும் பட்டால், அழுத்தத்தின் மையம் ஒவ்வொரு எய்தலுக்கும் கொஞ்சம் நகரும்.

அழுத்தம் விழவேண்டிய இடம் ஆயுள் ரேகைக்குக் கட்டைவிரல் பக்கம், அந்தச் சதை மேட்டின் மேல். அங்கே விழும் விசை மணிக்கட்டைக் கடந்து முன்கை எலும்புக்குள் நேராக இறங்கிவிடும், தசைகள் போராட வேண்டாம். ரேகைக்கு மறுபக்கம், சுண்டுவிரல் பக்கமாக விழுந்தால் வில் கையில் திரும்பப் பார்க்கும். முழங்கையின் உட்புறம் நாணின் பாதைக்குள் வந்துவிடும். முன்கையில் நாண் அறைந்து சிவந்தவர்களுக்கு இது புரியும்.

பிடியின் குறுக்குவெட்டு வட்டமாக இருக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இங்கேதான். உருண்டையான தடியைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தால், அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கைக்குத் தெரியாது. கோடரிக் காம்பு நீள்வட்டமாக இருப்பது வெட்டும் முனை எந்தப் பக்கம் என்பதைக் கைக்குச் சொல்லத்தான். வில்லுக்கும் அதேதான். முட்டையைப்போல, உள்ளங்கைப் பக்கம் மெல்ல உருண்டு, பக்கவாட்டில் சற்றுத் தட்டையாக இருக்கும் வடிவம் எனக்குப் பிடித்தது.

சரி, கைக்குப் பிடித்தபடி செதுக்கிவிடலாமா? மரத்தையும் கேட்க வேண்டும். பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகளைத் தண்டு என்று வைத்துக்கொள்வோம். வளைக்கும் திருப்புவிசை நுனியிலிருந்து பிடியை நோக்கி வர வர ஏறிக்கொண்டே போகும். அது மிக அதிகமாக இருக்கும் இடத்தில்தான் மரத்தை ஒடுக்குகிறோம். இங்கே காப்பாற்றுவது ஒரு எளிய விதி. விறைப்பு அகலத்துக்கு நேர்விகிதத்தில் ஏறுகிறது, தடிமனுக்கோ (நாண் பக்கத்திலிருந்து இலக்குப் பக்கம் வரை உள்ள அளவு) மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது: தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. தண்டு 45 மி.மீ. அகலம், 15 மி.மீ. தடிமன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிடியில் அகலத்தை 28 மி.மீ. ஆக ஒடுக்கி, தடிமனை 38 மி.மீ. ஆக விட்டால், அந்த இடம் தண்டைவிட 10 மடங்கு விறைப்பாக நிற்கும். அகலம் குறைந்ததை மரம் கண்டுகொள்ளாது.

அரத்தை எந்தப் பக்கம் வைக்கலாம் என்பதையும் இந்தக் கணக்கே சொல்லும். 28 மி.மீ. அகலத்தை 24 ஆக்கினால் விறைப்பில் ஏழில் ஒரு பங்குதான் போகும். 38 மி.மீ. தடிமனை 32 ஆக்கினால் நாற்பது சதவீதம் போய்விடும். கை சிறியது என்றால் பக்கவாட்டில் எடுங்கள், உட்புறத்தில் கை வைக்கத் தயங்குங்கள்.

பிடியிலிருந்து தண்டுக்கு மாறும் சரிவு திடீரென்று முடிந்தால் வளைவு முழுவதும் அந்த மூலையில் குவியும். வில் ஒடிவதும் பெரும்பாலும் அங்கேதான். இரண்டு பக்கமும் 5 செ.மீ. நீளத்துக்கு மெல்ல இறங்கும் சரிவு நல்லது. தடிமன் போதாத பலகையில் உட்புறமாகக் கட்டையை ஒட்டிப் பிடியாக்குகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. ஒட்டிய இடத்துக்கு அடியில் தண்டு இம்மியளவு வளைந்தாலும், பசைக்கோட்டின் முனையில் பிரிக்கும் விசை உருவாகும். எத்தனை நல்ல பசையும் நாளடைவில் டக்கென்று விட்டுவிடும். தண்டு வளையத் தொடங்கும் இடத்தை ஒட்டுக்கட்டையின் முனைக்கு வெளியே தள்ளுவதுதான் ஒரே மருந்து.

விறைப்பான பிடிதான் வேண்டும் என்று கட்டாயமில்லை. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலின் சிதைவிலிருந்து 170க்கும் மேற்பட்ட யூ மர விற்கள் கிடைத்தன. அவற்றில் பிடி என்று தனியாக ஒடுக்கிய இடமே இல்லை. நுனி முதல் நுனி வரை ஒரே ஓட்டமான தண்டு, நடுவிலும் சற்று வளையும். டென்மார்க்கின் ஹோல்மேகார்ட் சதுப்பில் கிடைத்த, ஏறத்தாழ 9000 ஆண்டுப் பழமையான எல்ம் மர விற்களோ இதற்கு நேர்மாறு: தண்டு அகலமானது, பிடி ஒடுங்கித் தடித்தது. இரண்டும் நன்றாக எய்யக்கூடியவை. நடுவில் வளையும் வில்லில் முழு நீளமும் வேலையைப் பகிர்ந்துகொள்வதால் வில்லைக் குட்டையாகச் செய்யலாம். அம்பு விட்டதும் கையில் வரும் அதிர்வு பொதுவாக அதில் கூடுதல். முதல் வில் செய்கிறவருக்கு விறைப்பான பிடியைத்தான் சொல்வேன்.

ஒடுங்கிய பிடியால் அம்புக்கும் ஆதாயம் உண்டு. அம்பு வில்லின் பக்கவாட்டில் ஒட்டியபடி கிளம்புகிறது, நாணோ நடுக்கோட்டில் பாய்கிறது. 45 மி.மீ. அகலமான வில்லில் அம்பின் முன்பகுதி நடுக்கோட்டிலிருந்து 22 மி.மீ.க்கு மேல் விலகி நிற்கும், 28 மி.மீ. பிடியில் 14 மி.மீ. மட்டுமே. அந்த விலகலைச் சமாளிக்க அம்பு மீன்போல நெளிந்து வில்லைச் சுற்றிப் போகிறது. 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற இயற்பியலாளர் அதிவேகப் படங்களில் இதைக் காட்டினார். விலகல் குறைந்தால் அம்பின் விறைப்பைத் துல்லியமாகப் பொருத்த வேண்டிய கட்டாயமும் குறைகிறது.

உட்புறத்தில் தடிமனை அதிகம் சேர்ப்பதிலும் ஒரு எச்சரிக்கை. கை தள்ளும் புள்ளி அதனால் நாணை நோக்கி நகர்கிறது. அது நகர நகர, கையின் சின்னத் திருகல்கூட வில்லைப் பெரிதாகத் திருப்பும். விறைப்புக்குப் போதுமான தடிமனோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அப்புறம், மணிக்கட்டு. பிடியின் கழுத்தை, அதாவது கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள கவை படியும் இடத்தை, ஆழமாக எடுத்துக் கீழ்ப்பகுதியைக் குறைத்தால் மணிக்கட்டு உயர்ந்து நிற்கும். படும் இடம் சிறியது, அம்புக்கு அருகிலானது, ஆனால் மணிக்கட்டு சீக்கிரம் சோர்ந்துவிடும். கீழ்ப்பகுதியைப் பருமனாக விட்டால் உள்ளங்கையின் அடி வரை படிந்து, நெடுநேரம் எய்யலாம். ஆனால் அழுத்தம் கீழே இறங்குவதால் கீழ்த்தண்டு கூடுதலாக உழைக்கும், இரு தண்டுகளின் சமநிலை மாறும். அதனால் பிடியின் வடிவத்தை ஓரளவு முடிவு செய்துவிட்டுத்தான் தண்டுகளின் வளைவைக் கடைசியாகச் சரிசெய்ய வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

செதுக்கும்போது நான் நம்புவது சாக்கட்டித் தூளை. உள்ளங்கையில் தூளைப் பூசி, கண்ணை மூடி, வில்லை எடுத்துப் பாதி வரை இழுத்து, மெதுவாக இறக்குங்கள். வெள்ளை படிந்த இடம் கை தள்ளும் இடம். ஓரத்தில் மெல்லிய கோடாகப் படிந்தால் அங்கே ஒரு விளிம்பு கடிக்கிறது என்று அர்த்தம். அந்த விளிம்பை மட்டும் மர அரத்தால் நான்கைந்து இழுப்பு எடுத்துவிட்டு மறுபடி பூசிப் பாருங்கள். உப்புத்தாள் கடைசியில்தான், அதுவும் கண்ணாடிபோல வழவழப்பாக வேண்டாம். வியர்த்த கை வழுக்கும்.

தோல் சுற்றினால் வழுக்கல் தீரும், அகலமும் 3, 4 மி.மீ. கூடும். அதை முன்பே கழித்துக்கொண்டு செதுக்குங்கள். அம்பு கைமுட்டியின் மேல் ஓடும் வில்லானால், இறகின் முன்முனையை நூலால் சுற்றிப் பசை தடவி மழுக்குங்கள், இல்லையென்றால் அது கையைக் கிழிக்கும்.

தோல் சுற்றி நூறு அம்பு எய்த பிறகு பிடியை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வியர்வை பட்டுக் கறுத்த இடம் ஒரே நீள்வட்டமாக இருந்தால் அரத்தை எடுத்து வைத்துவிடலாம். இழுபட்டுப் படர்ந்திருந்தால் கை இன்னும் தன் இடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது. தோலைக் கழற்றிவிட்டு மறுபடி சாக்கட்டியைப் பூசுங்கள்.